படத்துக்கு இடம் அறிவித்தல்

செயற்கைக்கோள் எடுத்தனுப்பிய படமாயினும், பழைய நில அளவைத் தாளை ஸ்கேனரில் இட்டு எடுத்த படியாயினும், கணினிக்குள் வந்து சேர்ந்ததும் அது வரிசைகளும் நிரல்களுமாக அடுக்கப்பட்ட எண்களின் அட்டவணையாகிவிடுகிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு படப்புள்ளியின், அதாவது பிக்சலின், ஒளியளவையோ நிறத்தையோ குறிக்குமே தவிர, அந்தப் புள்ளி வைகையின் கரையில் உள்ளதா, மகாவலியின் கரையில் உள்ளதா என்பதை அந்த எண் சொல்லாது. இடம் என்பது படத்துக்கு வெளியிலிருந்து அறிவிக்கப்படும் செய்தி. அந்த அறிவிப்பு சரியாக இருந்தால் படம் நிலத்தின் சான்றாகிறது. தவறாக இருந்தால், பார்வைக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது வேறோர் இடத்தைப் பற்றிய பொய்யாகிறது. ஆகவே புவிப்படங்களுக்கு ஆயத்தொலைவு முறையையும் நிலப்பட எறியத்தையும் வகுத்துக் கொடுக்கும் பணி, மென்பொருளின் பட்டியலில் ஏதோ ஒன்றைத் தேர்ந்து பொத்தானை அழுத்துவதோடு முடிகிற பணியன்று. படத்தின் வரலாற்றை விசாரித்து அறிந்து, அறிந்ததை மட்டுமே பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு அது.

ஓர் இடத்தை எண்களால் குறிப்பதற்கு முன் பூமிக்கு ஒரு வடிவம் கற்பித்தாக வேண்டும். பூமி முழுக்கோளமன்று, துருவங்களில் சற்றே தட்டையானது, மலையும் கடலும் ஈர்ப்பின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து அதன் மேற்பரப்பைக் கணக்குக்கு அடங்காததாக்குகின்றன. எனவே அளவையாளர்கள் அதற்கு மிக நெருக்கமான ஒரு நீள்வட்டக்கோளத்தைத் தேர்ந்து, அதைப் பூமியோடு எங்கே, எப்படிப் பொருத்துவது என்றும் முடிவு செய்கின்றனர். இவ்வாறு வடிவத்தையும் பொருத்தத்தையும் சேர்த்து வரையறுத்த அடிப்படையே டேட்டம் எனப்படுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றின் எண்கள் ஏதேனும் ஒரு டேட்டத்தைச் சார்ந்தே பொருள் பெறுகின்றன என்பதும், டேட்டம் மாறினால் அதே எண்கள் வேறோர் இடத்தைச் சுட்டும் என்பதும் இத்துறையில் கால் வைப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியவை.

இதன் வரலாற்றில் தமிழகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியதிலிருந்துதான் துணைக்கண்டத்தின் மாபெரும் முக்கோண அளவை வளர்ந்தது. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்ற எளிய விதியைக் கொண்டு, குன்றுகளின் உச்சியிலும் கோயில் கோபுரங்களின் மீதும் கருவிகளை ஏற்றி, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அந்தப் பணி வடக்கே நகர்ந்தது. 1823இல் லாம்டன் இறந்த பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், சேர்ந்திருந்த அளவுகளிலிருந்து பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். 1830ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் அந்த எவரெஸ்ட் நீள்வட்டக்கோளத்தின் நிலநடுக்கோட்டு ஆரம் ஏறத்தாழ 6377.276 கிலோமீட்டர். மத்தியப் பிரதேசத்திலுள்ள கலியான்பூரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு அது நிலத்தோடு பொருத்தப்பட்டது. துணைக்கண்டத்தின் வளைவுக்கு இசைய அமைக்கப்பட்டதால் இந்தப் பரப்புக்குள் அது நன்றாகவே பயன்பட்டது. ஆனால் அதன் மையம் பூமியின் மையத்தோடு பொருந்தவில்லை.

செயற்கைக்கோள்களோ பூமியின் நிறை மையத்தைச் சுற்றுகின்றன. எனவே அவற்றின் படங்களுக்கும், ஜி.பி.எஸ். கருவிகளுக்கும், டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகளாவிய டேட்டமே அடிப்படையாகிறது. அதன் ஆரம் 6378.137 கிலோமீட்டர், எவரெஸ்டின் கணக்கைவிட ஏறத்தாழ 861 மீட்டர் கூடுதல். மையமும் வடிவமும் வேறுபடுவதால், பழைய டேட்டத்தில் எழுதப்பட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே டபிள்யூ.ஜி.எஸ். 84இன் எண்களாகக் கொண்டால், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 200 மீட்டர் இடப்பெயர்ச்சி ஏற்படுகிறது. நாடு முழுவதையும் ஒரே தாளில் காட்டும் படத்தில் அது தூசியளவுகூடத் தெரியாது. ஆனால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்று வரையறுக்கப்படும் ஊரில், 200 மீட்டர் என்பது ஒரு மீனவர் குடியிருப்பு விதிக்கு உள்ளே வருமா வெளியே போகுமா என்பதைத் தீர்மானிக்கும் தொலைவு. ஏரியின் பழைய எல்லையைப் புதிய செயற்கைக்கோள் படத்தின் மீது ஏற்றி ஆக்கிரமிப்பைக் கணக்கிடும்போது, அதே 200 மீட்டர் பட்டா நிலத்தை ஏரிக்குள் தள்ளும்; ஏரியைப் பட்டா நிலத்துக்குள்ளும் தள்ளும்.

டேட்டத்துக்கு மேல் அமைவது எறியம். நில அளவையாளரும் கணினி வல்லுநரும் புரொஜெக்‌ஷன் என்றே வழங்கும் நிலப்பட எறியம், வளைந்த பரப்பைத் தட்டையான தாளுக்கு மாற்றும் கணித முறை. எந்த எறியமும் வடிவம், பரப்பளவு, தொலைவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே காக்க இயலாது. ஒன்றைக் காக்க மற்றொன்றை விட்டுக்கொடுக்கிறது. 1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட எறியம் கோணங்களைக் காத்துக் கடலோடிகளுக்கு உதவியது. துருவங்களை நெருங்க நெருங்கப் பரப்பளவைப் பெருக்கிக் காட்டியது. அந்த எறியத்துக்கு அடிப்படையான உருளையைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு தீர்க்கரேகையை நடுவாக வைத்து அமைக்கும் குறுக்கு மெர்கேட்டர் முறையை 1772இல் லாம்பர்ட் வகுத்தார். அதை அடிப்படையாகக் கொண்ட யூ.டி.எம். முறை உலகை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் நடுத் தீர்க்கரேகைக்கு 5,00,000 மீட்டர் என்ற கிழக்கு எண் தரப்படுகிறது. நடுக்கோட்டில் அளவு 0.9996 மடங்காகச் சற்றே சுருக்கப்படுவதால், பிழை மண்டலம் முழுவதிலும் பரவிச் சிறியதாகிறது. லேண்ட்சாட், சென்டினல்-2 ஆகிய செயற்கைக்கோள்களின் படங்கள் பெரும்பாலும் இம்முறையிலேயே வெளியிடப்படுகின்றன. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய நிலப்படக் கொள்கையும் பொதுமக்களுக்கான தாள்களுக்கு டபிள்யூ.ஜி.எஸ். 84 டேட்டத்தையும் யூ.டி.எம். எறியத்தையுமே ஏற்றது. அதற்கு முந்தைய தாள்கள் எவரெஸ்ட் கோளத்தின் மீது, பல்கூம்பு எறியத்தில், ஒவ்வொரு தாளுக்கும் அதனதன் நடுத் தீர்க்கரேகையைக் கொண்டு வரையப்பட்டவை.

மண்டலங்களின் எல்லை தமிழ்நாட்டின் ஊடாகவே செல்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகைக்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44ஆம் மண்டலம். கோயம்புத்தூரும் திருநெல்வேலியும் திண்டுக்கல்லும் 43இல் அமைகின்றன. மதுரையும் திருச்சியும் சென்னையும், இலங்கை முழுவதும், 44இல் அமைகின்றன. நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மட்டுமே பிரிந்திருக்கும் திண்டுக்கல்லுக்குக் கிழக்கு எண் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் மீட்டர் என்றும், மதுரைக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 84 ஆயிரம் மீட்டர் என்றும் வருவது இதனால்தான். மதுரையின் படத்துக்குத் தவறுதலாக 43ஆம் மண்டலத்தை அறிவித்துவிட்டால், மென்பொருள் மறுப்பேதும் சொல்லாமல் மீனாட்சியம்மன் கோயிலையும் வைகையையும் 6 பாகை மேற்கே, ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தள்ளி, இலட்சத்தீவுக் கடலில் கொண்டு போய் வைக்கும்.

இங்கேதான் இந்தத் துறையின் முதன்மையான வேறுபாட்டை விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு படத்துக்கு ஆயத்தொலைவு முறையை அறிவிப்பது ஒரு செயல்; ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்குப் படத்தை உருமாற்றுவது வேறொரு செயல். அறிவிப்பில் எண்கள் மாறுவதில்லை. அந்த எண்கள் எந்த முறையைச் சேர்ந்தவை என்ற செய்தி மட்டுமே கோப்பில் எழுதப்படுகிறது. உருமாற்றத்தில் ஒவ்வொரு படப்புள்ளியின் இடமும் கணக்கிடப்பட்டு, புதிய கட்டங்களாகப் படம் மறுபடியும் அமைக்கப்படுகிறது. மரக்காலால் அளந்த நெல்லின் கணக்கில் மரக்கால் என்ற சொல்லை அடித்துவிட்டு லிட்டர் என்று எழுதினால் நெல் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை, கணக்குத்தான் பொய்யாகிறது. ஜிடால் என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பிலும், அதைப் பயன்படுத்தும் கியூஜிஐஎஸ் மென்பொருளிலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. ஆயினும் யூ.டி.எம். முறையில் உள்ள படத்தை அட்சரேகை, தீர்க்கரேகை முறைக்கு மாற்ற விரும்புவோர், உருமாற்றக் கட்டளைக்குப் பதிலாக அறிவிப்புக் கட்டளையை இயக்கிவிடுவது மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. அப்போது இலட்சக்கணக்கான மீட்டரைக் குறித்த எண் பாகையாக வாசிக்கப்படுகிறது; 360 பாகையே கொண்ட உலகத்தில் அதற்கு இடமில்லாததால் படம் திரையிலிருந்தே மறைந்துபோகிறது.

அறிவிப்பு எங்கே எழுதப்படுகிறது என்பதும் கவனத்துக்குரியது. படத்தோடு துணையாக வரும் உலகக் கோப்பு என்ற சிறு உரைக்கோப்பில் ஆறு வரிகள் மட்டுமே இருக்கும்: படப்புள்ளியின் அகலமும் உயரமும், இரண்டு திருப்ப எண்கள், இடது மேல் மூலைப் புள்ளியின் மையத்துக்குரிய இரண்டு ஆயத்தொலைவுகள். அந்த எண்கள் எந்த டேட்டத்தில், எந்த எறியத்தில், எந்த அலகில் உள்ளன என்பதை அந்தக் கோப்பு சொல்வதேயில்லை. 1990களின் நடுப்பகுதியில் உருவான ஜியோடிஃப் வடிவம் இந்தக் குறையைத் தீர்த்தது. படத்தின் இடம், அளவு, டேட்டம், எறியம் ஆகிய அனைத்தையும் படக்கோப்புக்குள்ளேயே குறியீடுகளாக அது பதிகிறது. அந்தக் குறியீடுகளுக்கு இ.பி.எஸ்.ஜி. என்ற எண் தொகுப்பு உதவுகிறது. 4326 என்றால் டபிள்யூ.ஜி.எஸ். 84 டேட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. 32643, 32644 என்றால் அதே டேட்டத்தில் வடக்குப் பகுதியின் 43ஆம், 44ஆம் யூ.டி.எம். மண்டலங்கள். ஜியோடிஃப் கோப்பைத் திறந்து, பார்வைக்கு வசதியாக வேறொரு சாதாரணப் பட வடிவத்தில் சேமித்து, மூலத்தை அழித்துவிடும் பழக்கம் பல அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கிறது. அழிக்கப்படுவது அந்தப் படத்தின் முகவரி என்பது அப்போது உணரப்படுவதில்லை.

அறிவிப்பு தொலைந்துபோன படம் கைக்கு வந்தால், எண்களின் அளவே சில சமயம் தடயம் தரும். மதுரையின் மூலை எண்கள் 78.1, 9.9 என்று இருந்தால் அவை பாகைகள். 1 இலட்சத்து 84 ஆயிரம், 10 இலட்சத்து 98 ஆயிரம் என்ற அளவில் இருந்தால் யூ.டி.எம். மீட்டர்கள், 86 இலட்சத்து 96 ஆயிரம், 11 இலட்சத்து 10 ஆயிரம் என்ற அளவில் இருந்தால் இணைய நிலப்படங்களில் வழங்கும் வலை மெர்கேட்டர். ஆனால் தடயம் வேறு, சான்று வேறு. பாகை எண்களைக் கண்டதும் அவற்றை டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று அறிவித்துவிடுவது, எவரெஸ்ட் டேட்டத்தின் படமொன்றை 200 மீட்டர் நகர்த்தும் ஊகமாக முடியலாம். எண்களின் வரிசையும் ஏமாற்றக்கூடும். 4326 என்ற முறையின் வரையறையில் அட்சரேகை முதலில் வருகிறது. பெரும்பாலான மென்பொருள்களோ கிழக்கு எண்ணை முதலில் எதிர்பார்க்கின்றன. வரிசை மாறிப்போனால் மதுரை, வட அட்சரேகை 78 பாகையில், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்கு மேற்கே உள்ள கடலில் போய் விழும்.

வலை மெர்கேட்டரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. கைபேசிகளில் நாள்தோறும் காணும் நிலப்படங்கள் பெரும்பாலும் 3857 என்ற குறியீடுள்ள இம்முறையில் அமைந்தவை. டபிள்யூ.ஜி.எஸ். 84இன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்துக்கொண்டு, பூமி முழுக்கோளம் என்பது போன்ற எளிய வாய்பாட்டால் அவற்றை மீட்டராக்குவது இதன் இயல்பு. அதை முறையான நீள்வட்டக்கோள மெர்கேட்டர் என்று அறிவித்தால், சென்னையின் அட்சரேகையில் படம் வடக்கு-தெற்காக 9 கிலோமீட்டருக்கு மேல் பிறழும். சரியாக அறிவித்தாலும் அதில் பரப்பளவை நேரடியாக அளக்கக் கூடாது. சென்னையில் 100 எக்டேர் ஏரி அதில் 105 எக்டேருக்குச் சற்று மேலாகத் தோன்றும். அட்சரேகை 60இல் பரப்பளவு நான்கு மடங்காகிறது. பார்ப்பதற்கென்று அமைந்த எறியத்தை அளப்பதற்குப் பயன்படுத்தி ஆய்வேடு எழுதுவது, எத்தனை பேர் செய்தாலும், ஏற்கத்தக்கதன்று.

பெரிய பிழைகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இலங்கையின் தேசிய நிலப்படக் கட்ட அமைப்பில் இது நன்கு விளங்கும். பிதுருதலாகல மலையை ஒட்டி மையம் அமைந்த பழைய கண்டவலை டேட்டத்தின் கட்ட அமைப்பில் மையப் புள்ளிக்கு 2,00,000 மீட்டர் என்ற எண்ணும், பின்னர் வந்த 1999ஆம் ஆண்டு முறையில் 5,00,000 மீட்டர் என்ற எண்ணும் தரப்பட்டன. இரண்டையும் குழப்பினால் படம் கிழக்கு-மேற்காகவும் வடக்கு-தெற்காகவும் 300 கிலோமீட்டர் வீதம் தள்ளிப் போகும். எவர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தப்பும் பிழைகளே ஆபத்தானவை: ஒரு டேட்டத்தின் 200 மீட்டர், அரைப் படப்புள்ளியின் 15 மீட்டர் போன்றவை. உலகக் கோப்பு மூலைப் புள்ளியின் மையத்தைச் சொல்கிறது. ஜியோடிஃப் பெரும்பாலும் அதன் வெளி முனையைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் 30 மீட்டர் படப்புள்ளியுள்ள லேண்ட்சாட் படம் 15 மீட்டர் விலகிவிடும். இரு ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்டுக் கரையோர அரிப்பைக் கணக்கிடுபவர் அந்த 15 மீட்டரைக் கடல் விழுங்கியது என்று எழுதிவிடக்கூடும்.

பழைய தாள்களுக்கு இடம் வகுப்பது இன்னும் நுட்பமான வேலை. ஸ்கேன் செய்த தாளில் தெரிந்த இடங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் குறித்து, அவற்றின் ஆயத்தொலைவுகளை எழுதி, சமன்பாட்டால் படத்தை நிலத்தோடு பொருத்துவர். முதற்படிச் சமன்பாட்டுக்கு மூன்று புள்ளிகளும், இரண்டாம் படிக்கு ஆறும், மூன்றாம் படிக்குப் பத்தும் குறைந்தபட்சம் தேவை. இந்த எண்ணிக்கை கணக்கை ஓட்டப் போதுமே தவிர, பிழையைக் கண்டறியப் போதாது. படி உயர உயரப் பிழையின் சராசரி எண் குறைந்து காட்டும்; புள்ளிகளுக்கு இடைப்பட்ட நிலமோ வளைந்து நெளியும். சராசரி எண் சிறியதாக வந்துவிட்டது என்று மகிழ்வதைவிட, கணக்கில் சேர்க்காத சில புள்ளிகளை ஒதுக்கிவைத்துச் சோதித்துப் பார்ப்பதே நேர்மையான முறை. தாளில் அச்சிட்டுள்ள அட்சரேகை, தீர்க்கரேகைச் சந்திப்புகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொள்பவர், அந்த எண்கள் அச்சிடப்பட்ட காலத்தின் டேட்டத்தையே முதலில் அறிவித்து, அதன் பிறகே டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு உருமாற்ற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்களில் மற்றுமொரு சிக்கல் உண்டு. அவற்றின் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்துக்கு அக்காலத்தில் கொண்ட மதிப்பைச் சார்ந்தவை. அந்த மதிப்பு பின்னர் ஏறத்தாழ இரண்டரைக் கலை (பாகையின் நிமிடம்) திருத்தப்பட்டது. சென்னையின் அட்சரேகையில் அது நாலரைக் கிலோமீட்டர். தாளின் ஓரத்திலுள்ள சிறிய எழுத்துக் குறிப்பை ஸ்கேன் செய்யும்போது வெட்டி எறிபவர், அந்த நாலரைக் கிலோமீட்டரையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்.

செயற்கைக்கோள் படத்துக்கு மற்றுமொரு தேவை உண்டு, அது உயரம். சாய்ந்து நோக்கும் கேமராவில் உயரமான இடம் தன் உண்மையான இடத்திலிருந்து விலகிப் பதிகிறது. நீலகிரியின் ஒரு முகடு அதன் அடிவாரத்தைவிட அதிகமாக விலகித் தெரியும். நிலத்தின் உயர மாதிரியைக் கொண்டு அதைத் திருத்திய பிறகே படத்தின் ஆயத்தொலைவுகளுக்கு முழுப் பொருள் உண்டு. இங்கும் டேட்டத்தின் சிக்கல் தொடர்கிறது. தாள்களில் உள்ள உயரம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது. செயற்கைக்கோள் கணக்கின் உயரம் நீள்வட்டக்கோளத்திலிருந்து அளக்கப்பட்டது. உலகிலேயே கடல் மட்டம் நீள்வட்டக்கோளத்தைவிட மிக அதிகமாகத் தாழ்ந்திருப்பது இந்தியப் பெருங்கடலில். குமரிமுனைக்குத் தெற்கே அது கோளப் பரப்புக்கு 100 மீட்டர் அளவு கீழே உள்ளது, சென்னைக்கு அருகில்கூட 80 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்துள்ளது. 2005இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1இன் முன்னோக்குக் கேமரா 26 பாகை சாய்ந்தது. உயரத்தில் 90 மீட்டர் பிழை நேர்ந்தால் தரையில் 40 மீட்டருக்கு மேல் விலகும். அதன் படப்புள்ளி இரண்டரை மீட்டர். இத்தனை நுட்பமான கண்ணுக்கு இத்தனை பெரிய பிழையை உயரத்தின் டேட்டத்தைக் கேளாமல் விடுவதே உண்டாக்குகிறது.

உருமாற்றத்தின்போது புதிய கட்டங்களுக்கு மதிப்பு வழங்கும் முறையும் தேர்வுக்குரியது. காடு, வயல், நீர்நிலை என வகைப்படுத்திய படத்தில் அருகிலுள்ள படப்புள்ளியின் மதிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டுக்கு 1, வயலுக்கு 2, நகரத்துக்கு 3 என்று எண் இட்ட படத்தில் சராசரி எடுத்தால், இடையே இல்லாத ஒரு 2, அதாவது வயல், முளைத்துவிடும். உயரம், வெப்பம் போன்ற தொடர்ச்சியான அளவுகளுக்கு இடைக்கணிப்பு பொருந்தும். எப்படியாயினும் ஒவ்வோர் உருமாற்றமும் மூல மதிப்புகளைச் சற்றே கரைக்கிறது. எனவே ஒரு முறைக்கு மேல் உருமாற்றாமல், எப்போதும் மூலத்திலிருந்தே தொடங்குவது நன்று.

இந்தப் பணியைச் செய்யும் மாணவர்களும், ஊராட்சிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் படம் தயாரித்துக் கொடுக்கும் வல்லுநர்களும், பழைய தாள்களை ஸ்கேன் செய்து காக்கும் நூலகங்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். கைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு படத்தோடும் அதன் டேட்டம், எறியம், மண்டலம், அலகு, உயரத்தின் அடிப்படை, மூலம் எது, எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, எத்தனை முறை உருமாற்றப்பட்டது என்ற செய்திகளைத் தமிழில் எழுதி இணைக்க வேண்டும். ஊகித்து அறிவித்ததை ஊகம் என்றே அதில் குறிக்க வேண்டும். படத்தைப் பெறுபவர்களும் அந்தக் குறிப்பு இல்லாத படத்தை வாங்க மறுக்க வேண்டும்.